யாளி எதைத் தின்றது? (கடற்கன்னி ஆடியோ கூத்துக்குப் பிறகு ஒரு கேள்வி)

கெடிலக்கரை | சனி, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆடியோ கதை செய்கிறோம். பிழைப்பு வேறு, இது ராத்திரி வேலை. இல்லாத விலங்கை இருக்கிற விலங்குபோலச் சொல்வதுதான் எங்கள் பாணி. வனவிலங்கு சேனலில் தமிழ் டப்பிங்கில் ஒருவர் அடித்தொண்டையில் பேசுவாரே, அந்தக் குரல். மாசியில் முதலாவதாகக் கடற்கன்னி போட்டோம், 4 நிமிடம். "தேவனாம்பட்டினத்துக்குக் கிழக்கே, விடியலுக்கு முன், பாறைமேல் ஏறி அவள் ஈரம் உலர்த்துகிறாள்" என்று ஆரம்பிக்கும். அதற்கும் முன்னால் 12 விநாடி, இது முழுக்கக் கற்பனை என்று என் குரலிலேயே சொல்லியிருந்தேன். ஒரு உள்ளூர்ச் செய்திப் பக்கம் அந்த 12 விநாடியை மட்டும் வெட்டிவிட்டு, எங்கிருந்தோ எடுத்த மங்கலான படத்தை ஒட்டி, 'கடலூர் கடலில் பரபரப்பு' என்று போட்டுவிட்டது. இரண்டு நாளில் எங்கள் அம்மாவுக்கே வாட்சப்பில் வந்து சேர்ந்தது. மீன்கார ஆயா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு "ஏம்மா, பொம்பளை மாதிரியே அழுவுதாமே?" என்று கேட்க, அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அந்தக் குரல் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியும், ஆயாவுக்குத் தெரியாது.

சரி, அது போகட்டும். அடுத்தது யாளி. கோயில் தூணில் இருப்பதை யாரும் நேரில் பார்த்ததாக நம்பிப் பதறமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றரைப் பக்கத்தில் நின்றுவிட்டது. படித்துப் பார்த்தால் "கம்பீரமான", "பயங்கரமான", "காட்டையே நடுங்கவைக்கும்", இவ்வளவுதான் இருக்கிறது. பாய்கிறது, கர்ஜிக்கிறது, மறுபடி பாய்கிறது. மத்தியானம் 2 மணிக்கு அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. எதைத் தின்னும், எங்கே தண்ணீர் குடிக்கும், குட்டியை எங்கே ஒளித்துவைக்கும், எதற்குப் பயப்படும்? யோசனை இருப்பவர்கள் சொல்லுங்கள்.


பாதிரிப்பூ | ஞாயிறு, காலை 6:15

தம்பி, எதைத் தின்னும் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் தமிழ் எடுப்பவள், அதனால் கொஞ்சம் பாட்டு வரும், ஓடிவிடாதீர்கள்.

அகநானூறு 381, முதல் வரியே "ஆளி நன்மான் அணங்குடை ஒருத்தல்". ஆளி என்றாலும் யாளி என்றாலும் ஒன்றுதான். அது யானையைக் கொன்று "ஏந்தல் வெண்கோடு வாங்கிக் குருகு அருந்தும்". நிமிர்ந்த வெள்ளைத் தந்தத்தைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் குருத்தைத் தின்னும். கவனித்தீர்களா, யானையைத் தின்னும் என்று சும்மா விடவில்லை. தந்தத்தின் குருத்து என்று இடத்தைச் சுட்டிச் சொல்கிறார். நாம் மீன் தலையை உடைத்து உறிஞ்சுவதுபோல ஒரு ருசி அதற்கு.

பொருநராற்றுப்படையில் இன்னும் நெருக்கமாக இருக்கிறது. கரிகாலன் சின்ன வயதில் வெண்ணியில் இரண்டு பெரிய அரசர்களைச் சாய்த்ததற்கு உவமை, ஆளிக் குட்டி. "முலைக்கோள் விடாஅ மாத்திரை", அதாவது இன்னும் பால்குடி மறக்காத பருவத்தில், "ஞெரேரெனத் தலைக்கோள் வேட்டம் களிறுஅட் டாங்கு", முதல் வேட்டையிலேயே திடீரென்று ஆண் யானையைக் கொன்றதுபோல. தாய்ப்பால், பருவம், முதல் வேட்டை, இரை, இவ்வளவும் இரண்டு வரியில். உங்கள் டப்பிங் குரல் பத்து நிமிடம் இழுப்பதை முடத்தாமக் கண்ணியார் எப்போதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "கம்பீரமான" என்று ஒரு சொல் அதில் உண்டா, பாருங்கள்.


ஊசிமருந்து | ஞாயிறு, காலை 9:50

கால்நடை மருத்துவன் நான். மாடு, ஆடு, நாய்தான் என் உலகம், யானைக்கு ஊசி போட்டதில்லை. ஆனாலும் டீச்சர் சொன்ன குருத்து விஷயம் என்னைக் காலையில் டீ ஆறுகிற வரைக்கும் யோசிக்க வைத்துவிட்டது.

யானைத் தந்தம் என்பது நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். அந்த அடிப்பகுதி கெட்டியாக இருக்காது, உள்ளே கூடு. கூட்டுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் நிறைந்த மெத்தென்ற சதை. ஆக, பிடுங்கினால் தின்பதற்கு உள்ளே உண்மையிலேயே ஒன்று இருக்கிறது! இதைப் பாட்டில் வைத்தவர் வெட்டப்பட்ட தந்தத்தின் அடியைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்தவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கஷ்டமான கேள்விகள். ஆசிய ஆண் யானை 4 டன்னுக்கு மேல் போகும். ஆண் சிங்கம் 190 கிலோ வாக்கில். இன்றைக்கு இருக்கிற தரை ஊனுண்ணிகளில் பெரியது துருவக்கரடி, அதுவே ஆண் 400 முதல் 600 கிலோதான். பெரிய உடம்பு வைத்துக்கொண்டு இறைச்சி மட்டுமே தின்று பிழைப்பது கட்டுப்படியாகாத வியாபாரம். ஒரு வாரம் இரை கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்தது. அதனால் யாளியை யானை அளவுக்கு ஊதாதீர்கள். 500 கிலோ வையுங்கள். போட்ஸ்வானாவில் சாவுட்டி என்ற இடத்தில் சிங்கக் கூட்டங்கள் இரவில் யானைகளை வேட்டையாடுவது பதிவாகியிருக்கிறது, அதுவும் கூட்டமாக, அதுவும் பெரும்பாலும் வளராத யானைகளை. தனியாக ஒரு யாளி வளர்ந்த களிற்றைச் சாய்க்கிறது என்றால் ஏதாவது தந்திரம் வேண்டும்.

பால்குடி மறக்காத குட்டி யானையைக் கொல்வதை முதலில் நான் சிரித்து ஒதுக்கினேன். சிங்கக்குட்டிக்கு 8 மாதத்துக்குள் பால் நின்றுவிடும், அந்த வயதில் அது முயலைப் பிடித்தாலே பெரிய விஷயம். பிறகு உராங்குட்டான் நினைவுக்கு வந்தது. அதன் குட்டி 6, 7 வருடம்கூடப் பால் குடிக்கும். யாளியும் அப்படி என்றால்? 6 வயதுக் "குட்டி" 300 கிலோ இருக்கும், அம்மாவிடம் பாலும் குடிக்கும். பாட்டும் பொய்யாகாது, உடலியலும் பொய்யாகாது. தாய் 6 வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனும், எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும், ஒரு பஞ்சம் வந்தால் இனமே அழியும். உங்கள் கடைசிக் காட்சி தயார்.


கெடிலக்கரை | ஞாயிறு, காலை 10:20

டாக்டர், நான் எழுந்து நின்று படித்தேன். ஆனால் துதிக்கை? அதை என்ன செய்வது? கடிக்கிற விலங்குக்கு முகத்துக்கு முன்னால் துதிக்கை தொங்கினால் இடைஞ்சல்தானே?


ஊசிமருந்து | ஞாயிறு, காலை 10:41

பெரிய இடைஞ்சல். தன் துதிக்கையைத் தானே கடித்துக்கொள்ளும். யானைத் துதிக்கை இலையைப் பறிக்கவும் தண்ணீரை உறிஞ்சவும் ஆனது, இறைச்சி தின்பதற்கு அது எதற்கு? ஆனால் யானைச்சீல் என்று கடலில் ஒன்று இருக்கிறது. ஆணுக்கு மட்டும் மூக்கு தொங்கும். அது எதையும் பிடிப்பதற்கு அல்ல, சத்தத்தைப் பெருக்க. உறுமினால் கடற்கரை முழுக்கக் கேட்கும்.


கெடிலக்கரை | ஞாயிறு, காலை 10:58

அப்படியானால் இதைக் கேளுங்கள். தூண்களில் துதிக்கை இருக்கிற கஜயாளியும் உண்டு, துதிக்கை இல்லாத சிம்மயாளியும் உண்டு. இரண்டும் இரண்டு இனம் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்றால்?! மயிலும் பெண்மயிலும் மாதிரி. உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது எனக்கு.


பாதிரிப்பூ | ஞாயிறு, காலை 11:05

சிம்மயாளிக்குப் பிடரி இருக்கிறதே தம்பி?


கெடிலக்கரை | ஞாயிறு, காலை 11:06

...


உளிச்சத்தம் | ஞாயிறு, மாலை 4:30

நான் புதுச்சேரிக்காரன். அப்பா சிற்பி, நான் பாதி சிற்பி (மீதி நேரம் கல் அறுக்கிற மெஷினுக்குக் காவல்). நீங்கள் பேசுவதைப் படித்து ரசித்தேன், கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

துதிக்கைக்கு டாக்டர் கடல்வரை போய்வந்தார். எங்கள் பட்டறையில் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்போம். கல்லில் எதையும் அந்தரத்தில் நீட்ட முடியாது. பின்னங்காலில் எழும்பி நிற்கிற யாளிக்கு முகம் வெளியே தள்ளியிருக்கும். அதைச் சும்மா விட்டால் ஒருநாள் யாராவது ஏணி சாய்க்கும்போது மூக்கு போகும். துதிக்கையை வளைத்துக் கீழே இறக்கி, மார்பிலோ காலடியில் இருக்கிற யானையின்மேலோ ஒட்டிவிட்டால் கல்லுக்குக் கல் தாங்கும். அழகும் ஆயிற்று, முட்டும் ஆயிற்று. வாய்க்குள் உருளுகிற பந்து சில கோயில்களில் இருக்கிறதே, அதை வெளியே செய்து உள்ளே திணிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பல் இடுக்கு வழியாக உளியை விட்டு, அதே கல்லை நாலா பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த விரல் தடிமனை விடுவிப்பது. அப்போது டக் என்று ஒரு சத்தம் வரும். அது பந்து விழுந்த சத்தமா பல் உடைந்த சத்தமா என்று பார்க்கிற வரைக்கும் பட்டறையில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். அப்பா செய்த சின்ன யாளி ஒன்றில் இரண்டாவது சத்தம்தான் வந்தது. அது இன்னும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் சோப்பு வைக்கிறோம்.

எரிச்சல் எதற்கென்றால், எடைபோட்டு, பால்குடி வயது கணக்குப் பார்த்து இதை ஒரு பெரிய பூனையாக்கிவிட்டால் தூணில் இருப்பது சின்னதாகிவிடாதா? யாளி என்பது பார்த்துச் செய்ததல்ல, வளர்த்துச் செய்தது. மாமல்லபுரத்தில் பாருங்கள், பல்லவர் காலத்துச் சிங்கம் தூணின் அடியில் அடக்கமாக உட்கார்ந்து தலையில் பாரம் தாங்கும். சோழர் கோயில்களில் அது தலை மட்டுமாகி வரிசையாகச் சுவரின் அடியில் ஓடும், யாளிவரி என்போம். நாயக்கர் காலத்துக்கு வந்தால், 16, 17ஆம் நூற்றாண்டில், தூணையே உடைத்துக்கொண்டு எழும்பி, முதுகில் வீரனை ஏற்றிக்கொண்டு நிற்கும். ஆயிரம் வருடத்தில் குந்தியிருந்தது எழுந்து நின்றுவிட்டது. உங்களுக்குப் பரிணாமம் வேண்டும் என்றால் இதுதான் பரிணாமம்.


கல்மரம் | ஞாயிறு, இரவு 8:12

உளிச்சத்தம் அண்ணா, நீங்கள் எரிச்சலில் எழுதிய கடைசி நாலு வரிதான் இந்த இழையிலேயே சிறந்த ஆவணப்படம். காலவரிசைப்படி அடுக்கினால் புதைபடிவத் தொடர் மாதிரியே இருக்கிறது. அடுக்கின் அடியில் குந்திய வகை, நடுவில் தலை மட்டும் கிடைக்கிற அரைகுறைப் படிவங்கள், மேலே முழு உடம்பு!

நான் நிலவியல் படித்தவன். இடம் வேண்டும் என்றால் நம் காலடியிலேயே இருக்கிறது. திருவக்கரைக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏறக்குறைய 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் பட்டையின் சுருக்கம், வளையம் எல்லாம் தெரியும். தட்டினால் மட்டும் கல் சத்தம். அந்தப் பாறை அடுக்குக்கு நிலவியலில் பெயரே கடலூர் மணற்கல். நெய்வேலியில் தோண்டுகிற பழுப்பு நிலக்கரியும் சதுப்புக்காடாக இருந்து புதைந்ததுதான். ஆக நம் மாவட்டத்தின் அடியில் ஒரு காடே படுத்திருக்கிறது. எலும்பு ஏன் கிடைக்கவில்லை என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் உண்டு, மரம் கல்லாகிற எல்லா இடத்திலும் எலும்பு தங்கிவிடாது, மணலில் ஊறுகிற தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். உங்கள் யாளிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.


பாதிரிப்பூ | ஞாயிறு, இரவு 8:40

2 கோடி வருடத்துக்கு முந்தையதைச் சங்கப் புலவர் எப்படிப் பார்த்தார்? என் பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.


கல்மரம் | ஞாயிறு, இரவு 8:47

கடைசி யாளி 2,000 வருடத்துக்கு முன்பு வரைக்கும் எங்காவது மிச்சம் இருந்தது என்று வையுங்கள் டீச்சர். கற்பனைதானே, அதில்கூடக் கஞ்சத்தனமா.


முதுநகர்க்காரன் | ஞாயிறு, இரவு 10:05

எல்லோரும் குஷியாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

2012இல் அமெரிக்காவில் ஒரு விலங்கு சேனல் கடற்கன்னி பற்றி இதே பாணியில் ஒரு படம் போட்டது. நடிகர்களை விஞ்ஞானிகளாக உட்காரவைத்து, ஆதாரம் கிடைத்ததுபோல. கற்பனை என்ற குறிப்பு கண்ணில் படாத மாதிரி வந்து போனது. விளைவு, நோவா என்கிற அவர்களுடைய கடல்-வானிலை அரசு அமைப்பே, மனித உருவ நீர்வாழ் உயிரினத்துக்கு எந்த ஆதாரமும் இதுவரை கிடைக்கவில்லை என்று தன் இணையதளத்தில் எழுதிப் போட வேண்டியதாயிற்று. அரசாங்கம் உட்கார்ந்து கடற்கன்னிக்கு மறுப்பு எழுதுகிறது!

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்தது, டைனோசர் முட்டை என்று நாடெல்லாம் பரவியது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட் என்கிற பழங்காலக் கடலுயிரியைச் சுற்றி உருண்ட கல் என்றார்கள். எனக்கு வருத்தம் என்னவென்றால், அரியலூர் பக்கம் ஒருகாலத்தில் கடல் இருந்தது, அதில் சுருள் ஓட்டோடு ஒன்று நீந்தியது என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! முட்டை இல்லை என்றதும் அதை ஒருவரும் ஃபார்வர்டு செய்யவில்லை. நீங்கள் செய்கிற வேலை இந்தத் தீக்கு எண்ணெய். 12 விநாடி எச்சரிக்கை போட்டேன் என்று சொல்லாதீர்கள் தம்பி. வெட்டுகிறவன் வெட்டுவான் என்று தெரிந்த இடத்தில் வெட்டுகிற மாதிரி வைத்தால் அது உங்கள் தப்பும்தான்.


கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 10:31

வலிக்கிறது. ஆனால் மறுக்க முடியவில்லை அண்ணா.


வேளா | திங்கள், காலை 5:20

அந்தக் கடற்கன்னி ஆடியோவை எங்கள் குப்பத்தில் எல்லோரும் கேட்டோம். பயந்தோம் என்று நினைத்திருப்பீர்கள். வலை சிக்கெடுத்துக்கொண்டே கேட்டோம், பாறைமேல் ஏறினாள் என்றதும் எங்கள் சித்தப்பா சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. தேவனாம்பட்டினத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் பாறை ஏது தம்பி? வெறும் மணல். பொய் சொல்வதற்கும் தரை தெரிந்திருக்க வேண்டாமா. ஊருக்குள் இருப்பவர்கள்தான் நம்பினார்கள், கடலுக்குப் போகிறவன் நம்பவில்லை.

எங்களுக்குக் கடலில் அதிசயம் வேண்டும் என்றால் கற்பனையே தேவையில்லை. அம்மணி உழுவை, அதாவது திமிங்கலச் சுறா, படகைவிட நீளமாக வரும், உடம்பெல்லாம் கோலம் போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி, வாயைத் திறந்தால் ஆளே போகலாம், ஆனால் தின்பது கூனிமாதிரிப் பொடியைத்தான். பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா இருக்கிறது, கடற்பசு. நெஞ்சில் முலை வைத்துக் குட்டிக்குப் பால் கொடுக்கும். நான் வைத்துக்கொண்டிருக்கிற பெயர் எது தெரியுமா? வேளா, மூக்கில் ரம்பம் முளைத்த மீன். எங்கள் தாத்தா வீட்டில் அந்தக் கொம்பு ஒன்று சாமி மாடத்தில் இருந்தது. நான் ஒரு வேளாவை உயிரோடு பார்த்ததில்லை. இதற்கு என்ன குரல் வைப்பீர்கள்?


பாதிரிப்பூ | திங்கள், காலை 6:02

பட்டினப்பாலையில் "சினைச் சுறவின் கோடு நட்டு" என்று வருகிறது. பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வணங்குவது. உங்கள் தாத்தா வீட்டு மாடத்துக்கு வயது கிட்டத்தட்ட 2,000 வருடம் தம்பி.

ஆவுளியா பற்றி ஒரு வார்த்தை. கொலம்பஸ் 1493இல் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், ஓவியத்தில் இருப்பதுபோல அழகாக இல்லை என்றும் குறிப்பு இருக்கிறது. பாவம், அவர் பார்த்தது அந்தக் கடற்பசுவின் உறவுக்காரியை. நம் அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்றே காப்பகமாக அறிவித்திருக்கிறது. அழகி இல்லை என்று ஒதுக்கவில்லை.


மட்டுறுத்தர் | திங்கள், காலை 8:00

"யாளி உண்மையில் இருந்தது, மறைக்கிறார்கள்" என்று ஆரம்பித்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வேறு இழை திறந்து அங்கே மறைத்துக்கொள்ளுங்கள்.


கல்மரம் | திங்கள், மதியம் 1:15

டிராகனுக்கு ஹைட்ரஜன் பை வைத்தால் பறக்கும், அதையே கொளுத்தித் தீயும் கக்கும் என்று ஒரு யோசனை பல இடத்தில் சுற்றுகிறது. சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். 1 கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய 1.1 கிலோ எடையைத் தூக்கும். 200 கிலோ டிராகன் மிதக்க வேண்டும் என்றால் 180 கன மீட்டர் வேண்டும். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறை முழுக்க வாயு. அது டிராகன் இல்லை, பலூன். காற்றடித்தால் போய்ப் பனைமரத்தில் மாட்டும். அதைவிடக் குண்டுவீச்சு வண்டு பரவாயில்லை, வயிற்றில் இரண்டு ரசாயனத்தைத் தனித்தனி அறையில் வைத்திருந்து, ஆபத்து வந்தால் கலந்து, கொதிக்கிற சூட்டில் பீய்ச்சும். இரண்டு விரல்கடைப் பூச்சிகூட இல்லை அது.


ஊசிமருந்து | திங்கள், இரவு 9:10

யாளியைவிட எனக்கு இப்போது அசுணம் பிடித்துவிட்டது, இசைக்கு மயங்குவதாகச் சங்கப் பாட்டில் வருகிற விலங்கு. டீச்சர் தனிச்செய்தியில் இரண்டு பாட்டு அனுப்பினார். அகம் 88இல், யானையின் மதநீரில் மொய்க்கிற வண்டுச் சத்தத்தை யாழ் என்று நினைத்துப் பாறை இடுக்கில் இருந்து அசுணம் காதைக் கொடுத்துக் கேட்கிறது. நற்றிணை 304இல் "அசுணம் கொல்பவர் கைபோல்", இன்பமும் தரும் துன்பமும் தரும் தலைவன் மார்பு. யாழ் வாசித்து வெளியே வரவைப்பார்கள், வந்ததும் பறையை அடிப்பார்கள், அது செத்துவிடும் என்பது பழைய விளக்கம்.

சத்தம் கேட்டால் சாகுமா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை புள்ளிமானைப் பிடித்துப் பாருங்கள். வேண்டாம், பிடிக்காதீர்கள். ஊருக்குள் வழிதவறி வந்த மான் ஒன்றை மீட்க என்னை ஒருமுறை கூப்பிட்டார்கள். காயம் ஒரு கீறல்கூட இல்லை. சுற்றி நூறு பேர், கூச்சல், செல்போன். வலையில் பிடித்து, கண்ணைத் துணியால் கட்டி, வண்டியில் ஏற்றினோம். கையை அதன் விலாவில் வைத்திருந்தேன், இதயம் ஓடுகிற வேகம் உள்ளங்கையில் தெரிந்தது, ஒரு மெஷின் மாதிரி. வழியிலேயே நின்றுவிட்டது. பயத்திலும் ஓட்டத்திலும் தசை தானே சிதைந்து, அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து, இதயம் நிற்கிற நிலை இது, மான் வகைகளில் நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அசுணத்துக்கு நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வௌவாலின் காது, மானின் இதயம். கொல்பவர் கையில் ஒன்றில் யாழ், ஒன்றில் பறை. யாளி 20 நிமிடம் என்றால் அசுணம் 6 நிமிடம் போதும், ஆனால் ராத்திரி தூக்கம் வராது.

யாளிக்கு ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். அது தந்தக் குருத்துக்காகக் கொல்கிறது என்றால், தந்தமில்லாத ஆண் யானை, மக்னா, தப்பிக்கும். தப்பித்ததன் வாரிசு பெருகும். மொசாம்பிக்கில் கொரொங்கோசா காட்டில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன்பு தந்தமில்லாத பெண் யானை ஏறக்குறைய 18 சதவீதம், பிறகு 50 சதவீதம். துப்பாக்கி செய்ததை யாளியும் செய்திருக்கும். உங்கள் படத்தில் யாளியைக் காட்டாமலேயே, ஒரு மக்னா கூட்டத்தைக் காட்டி, ஏன் இவற்றுக்குத் தந்தமில்லை என்று கேட்டு ஆரம்பியுங்கள்.


கெடிலக்கரை | புதன், இரவு 11:48

மூன்று நாள் எழுதினேன். துதிக்கையை விட்டுவிட்டேன் (உளிச்சத்தம் அண்ணா, அது உங்கள் கல்லுக்கே இருக்கட்டும், மனமில்லாமல்தான் விட்டேன்). முதல் காட்சி மட்டும் போடுகிறேன். குரல் தணிந்து, ஓசை குறைவாக.

"கெடிலத்தின் கரை. திருவதிகைக்கு மேற்கே இப்போது பலா நிற்கிற இடத்தில் அப்போது காடு. மாலை நாலு மணி. கிழக்குக் கரையில் ஏழு யானைகள் தண்ணீருக்கு இறங்கியிருக்கின்றன. ஆறுக்குத் தந்தமில்லை. ஒன்றுக்கு இருக்கிறது.

மேற்குக் கரையில், நாணலுக்குள், அவள் காலையிலிருந்து படுத்திருக்கிறாள். முன்னங்காலில் பழைய முறிவு, கோணலாக ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் மகன். ஐந்து வயது, அவள் தோள் உயரம் வந்துவிட்டான், இன்னும் பால் கேட்டு முட்டுகிறான். அவள் ஒருமுறை பல்லைக் காட்டுகிறாள், அவன் தள்ளிப் படுக்கிறான். மேற்கேயிருந்து வாடைக்காற்று வீசுகிறது. யானைகளுக்கு அவள் வாசனை தெரியாது.

தந்தமுள்ளது ஆற்றுக்குள் இன்னும் இரண்டு அடி வைக்கிறது. முழங்கால் மறைகிறது. சேற்றில் யானையால் சட்டென்று திரும்ப முடியாது. அவளுக்கு அது தெரியும்.

இப்படி ஒரு விலங்கு இருந்ததேயில்லை. இருந்திருந்தால், இந்த இடத்தில் மூச்சைப் பிடித்திருப்பாள்.

பாய்வது அவள் இல்லை. மகன்."


முதுநகர்க்காரன் | வியாழன், காலை 7:05

அந்த "இருந்ததேயில்லை" வரியை அங்கேயா வைத்தீர்கள்! அதை வெட்டினால் மூச்சும் போய்விடும், பாய்ச்சலும் போய்விடும். வெட்டட்டும், பார்க்கிறேன். இப்போதும் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது, ஆனால் இதை எங்கள் வீட்டுக் குழுவில் நானே போடுவேன்.


உளிச்சத்தம் | வியாழன், காலை 9:30

துதிக்கை போனது போகட்டும். எலும்பு கடிக்கிற சத்தத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள், மாக்கல்லில் பல் உளியை இழுத்துக் காட்டுகிறேன், பல் கூசும். கிணற்றடி யாளியையும் பார்த்துவிட்டுப் போகலாம்.


வேளா | வியாழன், மாலை 6:40

இந்தத் தடவை பாறை இல்லை, சந்தோஷம். ஆனால் வாடை மேற்கேயிருந்து எப்படி வரும்? வடக்கேயிருந்து வருவதுதான் வாடை. மேற்கேயிருந்து வந்தால் அது கச்சான். கச்சான் என்றால் உன் யாளி மேற்கே, யானை கிழக்கே, வாசனை நேராக யானை மூக்குக்குப் போகும். நாணலுக்குள் காலையிலிருந்து படுத்ததெல்லாம் வீண்.


கெடிலக்கரை | வியாழன், மாலை 6:52

அய்யோ. அப்படியானால் அவளைக் கிழக்குக் கரைக்கு மாற்றிவிடட்டுமா அண்ணே?


வேளா | வியாழன், மாலை 6:58

கால் முறிந்தவளை ஏன் ஆறு தாண்ட வைக்கிறாய்? காற்றை மாற்று. சாயங்காலம் நாலு மணிக்குக் கிழக்கேயிருந்து கடல்காற்று தானாக வரும். கொண்டல் என்று போடு.